ஏழாங்கட்டைக் குன்றில் ஒன்றும் இல்லை

எடுத்த எடுப்பிலேயே ஒரு மன்னிப்பு. மேடை ஏறினால் கைவீசிப் பேச வேண்டும்; நானோ கையில் தாளோடு நிற்கிறேன். தாள் இல்லாவிட்டால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதிவிட்டேன். இந்த இடத்தில் நிற்க வேண்டியவர் ஒரு வானொலி அறிவிப்பாளர். அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதாம். நேற்று மாலை மணியம் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "காட்டப் பத்திப் படிச்ச பொண்ணு நீதான் இருக்க. அஞ்சு நிமிசம் வாழ்த்திட்டு இறங்கிரு," என்றார். ஐந்து நிமிடத்தில் முடியாது அண்ணே. அதற்கும் சேர்த்து மன்னியுங்கள்.

தலைமையேற்று இந்த மன்றத்தைத் தாங்கி நிற்பவரும், மரக்கடை வைத்திருந்தும் மரத்தின்மீது மதிப்பு வைத்திருப்பவருமான உலகப்பன் ஐயா அவர்களே. அறிக்கை எழுதியே ஆள்காட்டி விரல் தேய்ந்த செயலாளர் மணியம் அண்ணன் அவர்களே. மகளிர் பகுதியின் மகுடமாய் அமர்ந்திருக்கும் புஷ்பவள்ளி அத்தை அவர்களே. ரெங்கத்திலிருந்தும் யோங் பெங்கிலிருந்தும் மழையைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் பெரியோர்களே. பகலெல்லாம் தொழிற்சாலையில் நின்ற கால்வலியோடு மாலையில் இங்கே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே. அப்பளம் பொரியும் வாசனையில் பாதி மனத்தை வெளியே அனுப்பிவிட்ட இளைஞர்களே. இறுதியாக, மாலையும் பொன்னாடையுமாய் மேடையின் நடுவே வீற்றிருக்கும் விழா நாயகி, என் பள்ளித்தோழி, சாந்தினி அவர்களே. அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

சாந்தினிக்கு 'அவர்களே' போட்டபோது குரல் ஒரு படி இறங்கியதைச் சிலர் கவனித்திருப்பீர்கள். தாளில் அந்தச் சொல்லை மூன்று முறை அடித்து எழுதியிருக்கிறேன்.

சாந்தினி என்ன செய்தாள் என்பது உங்களுக்குத் தெரியும். சிங்கப்பூரில் வங்கி வேலை. விடியுமுன் எல்லை தாண்டி, இருட்டியபின் திரும்பும் பிழைப்பு. அந்தப் பிழைப்பின் நடுவே மூன்றாண்டுகளாக ஞாயிறுதோறும் கன்று நட்டாள். பள்ளி வளாகத்தில் நட்டாள். கோயில் ஓரத்தில் நட்டாள். ஆற்றங்கரையில் நட்டாள். நட்ட கன்றுக்கெல்லாம் பெயர்ப்பலகை வைத்தாள்: பிறந்தநாள் கண்ட பிள்ளையின் பெயர், மணநாள் கண்ட தம்பதியின் பெயர், மறைந்துபோன தகப்பனின் பெயர். இதுவரை எண்ணூற்று இருபது. நாளைக் காலை ஏழாங்கட்டைக் குன்றின் கிழக்குச் சரிவில் இன்னும் நூற்று எண்பது. கூட்டினால் ஆயிரம். என் முதுகுக்குப் பின்னால் தொங்கும் பதாகையைப் படியுங்கள்: 'ஆயிரம் மரம் கண்ட ஆரணங்கு.' முன்கூட்டியே அச்சடித்துவிட்டார்கள். நம் மன்றத்தின் நம்பிக்கைக்கு அளவே இல்லை.

கை தட்டலாம். தட்டுங்கள், நான் காத்திருக்கிறேன்.

நன்றி. இப்போது என்னைக் கேளுங்கள்: நீ எத்தனை மரம் நட்டாய்? யாரும் கேட்க மாட்டீர்களா? புஷ்பவள்ளி அத்தை கேட்டார். தீபாவளிக்கு முறுக்கு கொண்டுவந்தவர் என் அம்மாவை வைத்துக்கொண்டே கேட்டார். "சாந்தினி பேங்க்ல வேல பாத்துக்கிட்டே இத்தன மரம் நட்டுட்டா. நீ நாலு வருசம் காட்டையே படிச்ச. எத்தன மரம்மா நட்ட?"

ஒன்றும் இல்லை அத்தை என்றேன். பூஜ்யம்.

"அப்புறம் என்னத்தப் படிச்ச?" என்றார். முறுக்கு நன்றாக இருந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை.

எங்கள் வீட்டில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் அப்பா சிங்கப்பூருக்கு ஆள் ஏற்றும் பேருந்து ஓட்டுகிறார். அந்தப் பேருந்தில் தினமும் ஏறுகிறவள் சாந்தினி. அவள் இறங்கும்போது, 'நீ நம்ம ஊருக்கே பெருமைம்மா' என்கிறார் அப்பா. சொன்னதோடு விடுகிறாரா? வீட்டுக்கு வந்து, சாந்தினியிடம் இன்று இப்படிச் சொன்னேன் என்று என்னிடமும் சொல்கிறார். நான் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருப்பேன். கரண்டி கனக்கும்.

ஆம், பொறாமைதான். வாழ்த்துரையில் வரக்கூடாத சொல். ஆனால் அதை விட்டுவிட்டு நான் பேசினால் இந்தத் தாளில் மிச்சம் எதுவும் இருக்காது. அவள் படம் போடுவாள். நான் விருப்பக்குறி போடமாட்டேன். ஆனால் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்ப்பேன். காலணியில் மண் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருக்கும். கன்றின் வேரைச் சுற்றிய பிளாஸ்டிக் பையைக் கிழித்துவிட்டுத்தான் நட்டாளா என்று பார்ப்பேன். கிழித்திருப்பாள். ஒரு தப்பாவது செய்யமாட்டாளா என்று தேடித் தேடிக் கண் வலித்துப் படுப்பேன்.

இனி என் பூஜ்யத்துக்கு விளக்கம் சொல்ல அனுமதியுங்கள்.

ஏழாங்கட்டைக் குன்று நம் எல்லாருக்கும் தெரிந்த இடம். ரப்பர்க் காலத்தில் ரப்பர் ஏறவில்லை. எண்ணெய்ச் செம்பனைக் காலத்தில் செம்பனை ஏறவில்லை. பாறையும் சரிவும் காத்துக்கொடுத்த பன்னிரண்டு ஏக்கர் காடு. சென்ற ஆண்டுதான் தோட்ட நிர்வாகம் அதைப் பராமரிக்கும் பொறுப்பை நம் மன்றத்திடம் விட்டது. அங்கே பதினோரு செங்கால் மரங்கள் நிற்கின்றன. இந்த நாட்டின் வன்மரங்களில் முதல் வரிசை. பச்சையாய் வெட்டித் தண்ணீரில் போட்டால் மிதக்காது. பாலம் போட்டால் கொள்ளுப்பேரன் நடப்பான். அதைத்தான் மணியம் அண்ணன் வாட்சாப்பில் அறிவித்தார்: 'நமது குன்றில் பதினோரு செங்கல் உள்ளன. பாதுகாப்போம்.' உடனே மன்ற உறுப்பினர் அய்யாவு அண்ணன் பதில் போட்டார். "பதினோரு செங்கல்ல என்னத்தக் கட்டறது? என் வீட்டுப் பின்னால முந்நூறு கெடக்கு. ஏத்திட்டு வரவா?"

சிரிக்கிறீர்கள். லாரியே வந்துவிட்டது.

ஒரு துணைக்கால் விட்டுப்போனதால் மரம் கல்லானது. தமிழில் துணைக்கால் சின்ன விஷயமில்லை. அதைச் சற்று நினைவில் வைத்திருங்கள், திரும்பி வருவேன்.

செங்கால் அவசரப்படாத மரம். ஆண்டுதோறும் காய்க்காது. காய்க்கும் ஆண்டை அதுவே தேர்ந்தெடுக்கும். மெரந்தி மரத்தின் விதைக்குச் சிறகுண்டு; சுழன்று சுழன்று தூரம் போகும். செங்கால் விதைக்குச் சிறகில்லை. தாயின் காலடியிலேயே விழும். விழுந்த இடத்தில் முளைக்கும். முளைத்து முழங்கால் உயரம் வந்ததும் நின்றுவிடும். ஏன் நிற்கிறது? நோயா? இல்லை. சத்துக் குறைவா? இல்லை. சோம்பலா? அதுவும் இல்லை. காத்திருக்கிறது. நாலைந்து இலைகளை வைத்துக்கொண்டு, தாய் நிழலில், ஓராண்டு காத்திருக்கும், ஈராண்டு காத்திருக்கும், ஐந்தாண்டும் காத்திருக்கும். என்றைக்கோ ஒரு பெருமரம் சாயும். உச்சிக்கூரையில் ஓட்டை விழும். வெளிச்சம் இறங்கும். அன்றைக்கு எழும், அத்தனை ஆண்டும் எழாத கன்று.

இதை யாரும் நடுவதில்லை. காடு தன்னைத் தானே நட்டுக்கொள்கிறது. இயற்கை மறுவளர்ச்சி என்று எங்கள் பாடத்தில் பெயர்.

உலகப்பன் ஐயாவின் முகம் வாடுகிறது. மரமே வெட்டக்கூடாது என்று சொல்ல நான் வரவில்லை ஐயா. வெட்டலாம். கோத்தா திங்கிப் பக்கம் நான் வேலை செய்யும் காட்டில் வெட்டத்தான் செய்கிறார்கள். ஆனால் வெட்டுமுன் நான் மண்டியிட்டு மரத்தடியில் கன்றுகளை எண்ணுவேன். போதுமான கன்று இருந்தால் வெட்டலாம். இல்லையென்றால் விட வேண்டும். விதை தரும் தாய்மரங்களுக்கு மஞ்சள் வளையம் பூசுவேன். அவற்றின்மேல் ரம்பம் படக்கூடாது. எந்தப் பக்கம் சாய்த்தால் கன்றுகள் நசுங்காதோ அந்தப் பக்கம்தான் சாய்ப்பார்கள். அதன்பிறகு முப்பது ஆண்டுகள் அந்த இடத்தில் தலைவைத்தும் படுக்கமாட்டார்கள். முப்பது ஆண்டு கழித்துப் போனால் மறுபடியும் மரம் இருக்கும். உங்கள் கடைக்கும் மரம் இருக்கும், உங்கள் பேத்தி கடை வைத்தால் அவளுக்கும் இருக்கும். அவ்வளவுதான் ஐயா இந்தப் படிப்பு. என் வேலை நடுவதல்ல, விடுவது.

நடுகிறவளுக்குக் கைதட்டல் உண்டு. விடுகிறவளுக்கு உண்டா? கன்றை நடும்போது சிரித்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். கன்றைத் தொடாமல் நிற்கும்போது என்னவென்று சிரிப்பது?

கடைசி ஆண்டு ஆய்வுக்கு நான் எடுத்த இடம் அந்தக் குன்றுதான். பாய் அகலச் சதுரங்களாகப் பிரித்து, அட்டைக்கும் கொசுவுக்கும் இரத்தம் கொடுத்து எண்ணினேன். ஒரே கன்றை இரண்டு முறை எண்ணிவிடக்கூடாது என்று, எண்ணிய ஒவ்வொன்றின் தண்டிலும் அம்மாவின் பூவேலைப் பெட்டியிலிருந்த சிவப்பு நூலைக் கட்டினேன். மேற்குச் சரிவில் அறுநூற்றுப் பதினொரு செங்கால் கன்றுகள். கிழக்குச் சரிவில் ஏறத்தாழ அதே அளவு. அறிக்கை எழுதினேன். மதிப்பெண் வந்தது. அறிக்கை அலமாரிக்குப் போனது.

சென்ற ஜனவரியில் ஒரு நாள் சாந்தினி அழைத்தாள். என் அப்பா ஓட்டும் பேருந்திலிருந்துதான் பேசினாள். அவர் ஹார்ன் அடிப்பது எனக்குக் கேட்டது. "லோஷி, அந்தக் குன்றுல நீ என்னமோ ஆராய்ச்சி பண்ணினியே. மேக்குப் பக்கம் நடலாமான்னு பாக்கறேன். அங்க ஏதாச்சும் இருக்கா?"

அவையோரே, நான் தெரிந்து வைத்திருந்த ஒன்று சாந்தினிக்குத் தெரியவில்லை. என் வாழ்நாளில் முதல் முறையாக. வாயில் அடக்கிய கற்கண்டைப் போல அது இனித்தது. சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். அதையும் அவள் மேடையில் அழகாகச் சொல்வாள். அதற்கும் நீங்கள் கை தட்டுவீர்கள். அதையும் என் அப்பா சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து என்னிடம் சொல்வார்.

நான் சொன்ன பதில் இது: "அங்க ஒன்னும் இல்ல லா. நட்டுக்க."

அறுநூற்றுப் பதினொன்று இருந்தது. ஒன்றும் இல்லை என்றேன்.

பிப்ரவரியில் மேற்குச் சரிவில் கூட்டுப்பணி. காலை ஏழரைக்கு இருநூறு பேர் பாராங்கத்தியோடு குன்றடியில் நின்றீர்கள். உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நாம் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். மரத்தடி சுத்தமாக இருந்தால்தான் நல்ல வேலைக்காரன் என்று நாலு தலைமுறைக்குச் சொல்லிவைத்தார்கள். ரப்பர் மர நிரையில் புல் தெரிந்தால் ஏச்சு விழும். தோட்டம் போய்விட்டது, அந்தக் கை போகவில்லை. பெரிய மரத்தடியில் முழங்கால் உயரத்தில் எது நின்றாலும் அந்தக் கைக்கு ஒரே பெயர்தான் தெரியும்: களை. காட்டுக்கு நிரை கிடையாது என்று சொல்லித்தர நான் ஒருத்தி இருந்தேன். நான் வரவில்லை. வேலை இருக்கிறது என்றேன்.

முதலில் நூலைக் கண்டவர் அய்யாவு அண்ணன்தான். "அலமாக், யாரோ செய்வினை வெச்சிருக்காங்க," என்றாராம். ஒன்றா இரண்டா? குனிந்த இடமெல்லாம் சிவப்பு நூல். மணியம் அண்ணன் ஆளனுப்பி எலுமிச்சம்பழமும் சூடமும் வாங்கிவரச் செய்தார். எதையும் கையால் தொடாதீர்கள், கத்தியால் மட்டும் வெட்டுங்கள் என்றார். வெட்டினீர்கள். குவித்தீர்கள். கொளுத்தினீர்கள். கோத்தா திங்கிக் காட்டில் ஒரு தாய்மரத்தடியில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபோது அந்தப் படம் என் கைப்பேசிக்கு வந்தது. கீழே எழுதியிருந்தது: 'தீய சக்தி அழிந்தது. பசுமை பிறந்தது.'

மணியம் அண்ணே, தலையைக் குனிய வேண்டாம். அந்தச் சூனியக்காரி நான்தான். நூல் கட்டியதற்காகச் சொல்லவில்லை.

செங்கால் அடுத்து எப்போது காய்க்கும்? தெரியாது. அடுத்த ஆண்டாக இருக்கலாம். என் பிள்ளைக்குக் காது குத்தும் ஆண்டாகவும் இருக்கலாம். எனக்கு இன்னும் மாப்பிள்ளையே பார்க்கவில்லை என்பதைப் புஷ்பவள்ளி அத்தை உறுதிப்படுத்துவார்.

ஏப்ரலில் வெயில் கொளுத்தியது. அடிக்காட்டை வழித்துவிட்ட மண் பாளம் பாளமாக வெடித்தது. வாங்கி நட்ட கன்றுகள் சுருண்டன. செய்தி கேட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். எதற்குப் போனேன்? பார்த்து மகிழப் போனேன். காலணியைக்கூடத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனேன்.

சாந்தினி அங்கே இருந்தாள். தனியாக. இரண்டு கையிலும் தண்ணீர் நிரம்பிய பிளாஸ்டிக் டின். கீழே சாலையோரக் குழாயில் பிடித்து, சரிவில் ஏற்றி, ஒவ்வொரு கன்றாக ஊற்றிக்கொண்டிருந்தாள். கைப்பிடி அழுத்தி உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் டின்னைக் கீழே வைத்தாள். "ஏன் லோஷி சாகுது? நான் எங்க தப்பு பண்ணேன்?"

அப்போதாவது சொன்னேனா? "மழ வரும்," என்றேன்.

அந்தத் தண்ணீர் டின்னை அவள் படம் எடுக்கவில்லை. எந்தப் பதிவிலும் அது வரவில்லை. நானும் வீட்டுக்கு வந்து தேடித் தேடிப் பார்த்தேன். அன்றைக்குத்தான் என் பொறாமைக்கு முதன்முதலாக வெட்கம் வந்தது. போய்விட்டது என்று சொல்லவில்லை. வெட்கப்பட்டது, அவ்வளவுதான்.

இப்போது அந்தத் துணைக்காலுக்கு வருகிறேன். பொறுமை என்று எழுதுங்கள். நடுவெழுத்தின் வளைவை எடுத்துவிட்டு ஒரு துணைக்காலை ஊன்றுங்கள். பொறாமை ஆகிவிடும். பொறுக்க முடியாமைதான் பொறாமை. நம் மொழி எவ்வளவு நறுக்கென்று சொல்லிவிட்டது பாருங்கள். முழங்கால் உயரச் செங்கால் கன்று பெருமரத்தின் நிழலில் ஐந்தாண்டு பொறுக்கிறது. பட்டம் வாங்கிய நான் பள்ளித்தோழியின் நிழலில் ஐந்து நிமிடம் பொறுக்கவில்லை. எனக்கும் என்றாவது ஒரு வெளிச்சம் இறங்கும் என்று நம்பத் தெரியவில்லை. அந்த ஒரு துணைக்காலுக்கு விலை அறுநூற்றுப் பதினொன்று.

ஆகவே சாந்தினியை வாழ்த்துகிறேன். வாழ்த்த வந்தவள்தானே. என்னிடம் எண்ணிக்கை இருந்தது, ஆள் இல்லை. அவளுக்கு எண்ணிக்கை தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு இருநூறு பேரைப் படுக்கையிலிருந்து எழுப்பி மலையேற்ற அவளால் முடிகிறது. நான் கூப்பிட்டால் என் தம்பிகூட வரமாட்டான். அந்த ஆற்றலைப் பார்த்து இந்த நிமிடமும் எனக்கு எரிகிறது. எரிந்துகொண்டேதான் சொல்கிறேன்: அது பெரிய ஆற்றல். வாழ்க.

சென்ற ஞாயிறு கிழக்குச் சரிவில் மறுபடி மண்டியிட்டு எண்ணினேன். ஐந்நூற்று எண்பத்து நான்கு கன்றுகள் சிவப்பு நூலோடு நிற்கின்றன. நாளைய கூட்டுப்பணி அறிவிப்பில், 'சிவப்பு நூல் தென்பட்டால் கையால் தொட வேண்டாம், எலுமிச்சம்பழம் தயாராக உள்ளது' என்று போட்டிருக்கிறீர்கள். எலுமிச்சம்பழத்தை ஊறுகாய் போட்டுவிடுங்கள் அண்ணே. அவை செய்வினை இல்லை. பதினோரு தாய்மரங்களின் மிச்சப் பிள்ளைகள்.

இதுவரை பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. ஐந்து நிமிடத்தை இருபதாக்கியபோதும் மணியடிக்காத தலைவர் ஐயாவுக்கு நன்றி. எனக்காகப் பந்தியைத் தள்ளிவைத்த சமையல்காரர்களுக்கு நன்றி. எல்லாருக்கும் என் வணக்கத்தைச் சொல்லி இறங்கியிருக்க வேண்டும். ஆனால் நான் மேடை ஏறியது ஒன்றைக் கேட்பதற்காக. அது இந்த அவையிடம் அல்ல, நடுவே உட்கார்ந்திருப்பவளிடம். தாளை மடித்துவிட்டுக் கேட்கிறேன்.

சாந்தினி, நான் பொய் சொன்னேன். அங்க இருந்துச்சு. இன்னமும் கெழக்கால இருக்கு. நாளைக்கு இருநூறு பேரையும் கூட்டிட்டு வா. ஆனா கத்திய வீட்டுல வெச்சுட்டு வரச் சொல்லு. நான் சொன்னா கேக்கமாட்டாங்க, நீ சொன்னாத்தான் கேப்பாங்க. உன் கணக்கு எண்ணூத்தி இருபதோட நிக்கும், பின்னால தொங்கற பதாகை பொய்யாப் போயிடும், எனக்குத் தெரியும். இருந்தாலும் கேக்கறேன். நாளைக்கு ஒன்னும் நடாத. என் பக்கத்துல மண்டி போடு. சேர்ந்து எண்ணலாம்.